செங்கல் சூளைக்கு அப்பால் ஒரு மாதிரி நிறுத்தம்

பொதுமக்களின் பொன்னான நேரத்தைக் கருத்தில் கொண்டு, மண்டலப் பேருந்து நிறுவனம் ஜூன் முதல் தேதி காலை பத்து மணி முதல் பழுதை ஒழித்தது. வண்டி பழுதாகி நடுவழியில் நிற்கும் வழக்கம் இனி கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. பழுதுப் பதிவேட்டை நாடா போட்டுக் கட்டி மூலையில் வைத்தார்கள். பழுதான வண்டிகளை இழுத்து வரும் இழுவை வண்டி, தலைமை அலுவலகப் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் சுமக்கப் போனது. சுற்றறிக்கையின் நகல் எல்லாப் பிரிவுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பேருந்துகளுக்கு மட்டும் யாரும் படித்துக் காட்டவில்லை.

அப்படி விஷயம் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் பதினேழாம் நம்பரும் ஒன்று. அதன் டிரைவரை டிப்போவில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கோழியை அடித்ததில்லை, ஒரு மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, பதினேழு போய்ச் சேரும் கடைசி ஊரின் பதிவு அலுவலகத்தில், அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமையிலிருந்து லீவு கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை, செங்கல் சூளை தாண்டி ஒரு கிலோமீட்டரில், வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது.

டீசல் குழாயில் விரிசல். பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பயணிகள் கண்டக்டரின் பொறுப்பு, ஆகவே கண்டக்டரும் கூடவே போய்விட்டார். வண்டி டிரைவரின் பொறுப்பு. நிதானம் தனியாக இருந்து கிளை மேலாளரைப் போனில் பிடித்தார்.

"சார், பதினேழு பிரேக்டவுன்."

"என்னய்யா வார்த்தை பேசுற? அதெல்லாம் நம்ம கம்பெனில இப்ப கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். வண்டிக்குத்தான் தெரியல."

"இன்னிக்குத் தொண்ணூத்தஞ்சாவது நாள். நூறு நாள் பழுதே இல்லாம ஓட்டினா கேடயம் நம்ம டிப்போவுக்கு. இன்னும் அஞ்சே நாள்! பாழாக்கிடாதே."

"அப்ப வண்டிய என்ன சார் பண்றது?"

"எங்க நிக்குது?"

"சூளைக்கு அந்தப் பக்கம்."

"அங்க ஸ்டாப்பே இல்லையே! ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தினா விதிமீறல்."

மேலாளர் பேனாவால் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் யோசிக்கிறார் என்பதை நிதானம் புரிந்துகொண்டு பயந்தார். பயந்தது சரிதான். பிற்பகலிலேயே வளர்ச்சி அதிகாரி காரில் வந்து இறங்கினார்.

வளர்ச்சி அதிகாரி கறுப்புக் கண்ணாடிக்காரர். மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து அவர் பயணிகளைப் பயணிகள் என்று சொல்வதில்லை, விருந்தினர் என்பார். வண்டியைச் சுற்றி வந்தார், நாடாவை நீட்டி அளந்தார், தன்னோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"அம்பத்திரண்டு சீட்டு, மேல கூரை, ரெண்டு பக்கமும் காத்து. இதைவிட நல்ல ஸ்டாப்பை உலகத்துல யாராவது பார்த்திருக்காங்களா?" என்றார்.

"சார், இது பஸ்."

"பழைய சிந்தனை! பஸ்ஸுன்னா ஓடணும். ஓடலேன்னா பழுது. பழுதை நாம ஒழிச்சாச்சு. அப்ப இது பஸ்ஸா இருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

அதிகாரியோடு வந்தவர்கள் அதற்குள் ஒரு பலகையை நட்டுவிட்டார்கள். 'மாதிரி நிறுத்தம். விருந்தினர் காத்திருப்பு அனுபவ மையம்.'

"சரி சார், நான் ட்யூட்டிய முடிச்சுட்டுக் கிளம்பலாமா?"

"டிரிப் முடிஞ்சுதா?"

"இல்ல. இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கு."

"டிரிப் முடியாம ட்யூட்டி எப்படி முடியும்?"

"புதன்கிழமையிலருந்து எனக்கு லீவு சார். பொண்ணு கல்யாணம்."

"தாராளமா எடுத்துக்கங்க. ட்யூட்டி முடிஞ்ச மறுநாள்லருந்து."

வண்டியை அநாதையாக விட்டுப் போனால் வேலை போய்விடும். கைவைத்துச் சரி செய்யவும் முடியாது, அது ஒர்க்‌ஷாப்காரர்களின் உரிமை. ஒர்க்‌ஷாப்காரர்கள் வரவேண்டுமானால் பழுது என்று எழுத வேண்டும். நிதானம் பின் சீட்டில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சூளை ஆட்கள் நாலு பேர் வந்து பலகையைப் படித்தார்கள், ஏறி உட்கார்ந்தார்கள். இத்தனை வருடமாக வெயிலில் நின்று கால் கடுத்தவர்கள். மத்தியானத்துக்குள் சேதி பரவிவிட்டது. ஜன்னலோர இடத்துக்குச் சண்டை வந்தது. ஓடுகிற பஸ்கள் வழக்கம்போல நெரிசலோடு, நிற்காமல் பறந்தன. அதைப் பற்றி இப்போது யாரும் ஆத்திரப்படவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டது, போய்ச் சேருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற மனநிலை வந்துவிட்டது. எங்கேயும் போகவேண்டிய அவசியமே இல்லாத ஒரு வாத்தியார்கூடச் செய்தித்தாளோடு வந்து மூன்றாவது வரிசையைப் பிடித்தார்.

புதன்கிழமை மகள் வந்தாள். அவளுக்கு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. ஒரு கையில் அம்மா கொடுத்தனுப்பிய புதுச்சட்டை, இன்னொரு கையில் ஒரு முழம் டீசல் குழாயும் இரண்டு கிளிப்பும்.

"பத்து நிமிஷ வேலைப்பா."

"நான் கைவைக்கக் கூடாதும்மா. ரூல்ஸ் இருக்கு."

"என் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு ட்யூட்டின்னீங்க. எனக்கு மஞ்சள் காமாலை வந்தப்பவும் ட்யூட்டின்னீங்க. நான் ஏதாவது கேட்டேனா? நாளைக்குப் பதினோரு மணி. நீங்க பக்கத்துல நிக்கலேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். இருபத்தெட்டு வருடமாக ஊரார் பிள்ளைகளையெல்லாம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், தன் பிள்ளைக்கு ஒரு நாளும் போய்ச் சேரவில்லையே என்று நிதானத்துக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை பத்தேகால் மணிக்குப் புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், குழாயை மாற்றினார், கை கழுவினார், சட்டையைப் போட்டார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. உள்ளே இருந்த இருபத்து மூன்று பேரும் அலறினார்கள்.

"யோவ் டிரைவர், என்ன பண்றே?"

"வண்டிய எடுக்கறேன்."

"எங்க?"

"போர்டுல போட்டிருக்கிற ஊருக்கு."

"அந்த ஊருக்குப் போற பஸ்ஸுக்குத்தானே நாங்க காத்திருக்கோம்!" என்றார் வாத்தியார்.

"இதுதாங்க அந்த பஸ்."

"இது ஸ்டாப்புய்யா! நிறுத்து, நிறுத்து!"

வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானம் வேகமாக ஓட்டினார். பத்து ஐம்பதுக்குப் பதிவு அலுவலக வாசலில் வண்டி நின்றது. வாசற்படியில் மகள் அப்பாவைப் பார்த்தாள், அழுதாள், சிரித்தாள். அவர் பக்கத்தில் நிற்க, கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு ஆள் குறைந்தபோது வாத்தியாரே பேனாவைத் திறந்தார். அதே பேனாவால் மாலையில் புகாரும் எழுதினார்.

விசாரணை முறைப்படி நடந்தது. வண்டியைச் சரி செய்ததாக நிதானத்தின் மேல் குற்றம் சாட்ட முடியவில்லை, பழுது இருந்தால்தானே? ஆகவே, 'ஒரு மாதிரி நிறுத்தத்தை, அதில் காத்திருந்த விருந்தினர் இருபத்து மூன்று பேரோடு பதினெட்டு கிலோமீட்டர் கடத்திச் சென்றமை' என்று எழுதினார்கள்.

"நீங்க எந்த ஊருக்குப் போகணும்?" என்று விசாரணை அதிகாரி சாட்சிகளைக் கேட்டார்.

"அதே ஊருக்குத்தான் சார்."

"போய்ச் சேர்ந்தீங்களா?"

"நேரத்துக்கு முன்னாடியே."

"அப்புறம் என்ன புகார்?"

"திரும்பி வந்து பார்த்தா உட்கார்ந்திருந்த எடத்தைக் காணோம் சார். மறுபடி வெயில்ல நிக்கிறோம்."

மக்களின் குரலே தலையாயது. பதினேழாம் நம்பரை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இது போன்ற அசம்பாவிதம் மீண்டும் நிகழாதிருக்க எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். நிதானத்துக்குக் கடும் எச்சரிக்கை. கேடயமும் வந்து சேர்ந்தது. அதோடு முடியவில்லை. எங்கள் ஊருக்கு மட்டும் மாதிரி நிறுத்தம் இல்லையா என்று பக்கத்து ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். அவர்களுக்கு ஒன்று, அடுத்தவர்களுக்கு ஒன்று என்று கொடுத்துக் கொடுத்து, ஆறே மாதத்தில் நிறுவனத்தின் நாற்பது வண்டிகளும் நாற்பது இடங்களில் போய் நின்றன. மண்டலத்தில் பழுதே இல்லை, நெரிசலும் இல்லை.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். நிதானம் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தே கிளம்பினார். இரண்டு மணி நேரம் நடந்திருப்பார். வழியில் ஒரு வண்டியின் ஜன்னலிலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள்.

"ஏங்க இந்த வெயில்ல நடக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க. இப்ப பஸ் வந்துடும்."

கால் வலித்தது. நிதானம் ஏறினார். வசதியான சீட்டு. மகளுக்குப் போன் செய்தார்.

"சோறு எடுத்து வைம்மா. பஸ்ல உக்காந்துட்டேன்."