பொருந்தாத சாவி

"சாவியைக் கொடுத்துட்டு வாங்கோன்னா! ஆட்டோக்காரன் எத்தனை நாழி நிப்பான்?"

கீழே தெருவிலிருந்து ஸ்ரீலக்ஷ்மியின் குரல் மாடிப்படி ஏறி வந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் கஸ்தூரிரங்கன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வீட்டைக் காவல் காக்க வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதத்தில் ஏற்கெனவே இரண்டு கல்யாணங்கள் தவறிப்போயிருந்தன. இது ஸ்ரீலக்ஷ்மியின் கூடப் பிறந்த அக்கா பெண்ணுக்குக் கல்யாணம், கும்பகோணத்தில். இந்தத் தடவை அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு அவசரம்னா யாராவது உள்ள போக வேண்டாமா? எதிராத்துல சாவியைக் கொடுங்கோ. உங்க கையால கொடுக்கணும். இல்லேன்னா நான் தனியாப் போறேன்."

கஸ்தூரிரங்கன் கெட்டவர் அல்லர். தினமும் கேசவப் பெருமாளைச் சேவிக்காமல் காபி குடிக்க மாட்டார். ஆனால் பெருமாளைத் தவிர வேறு யாரையும் நம்ப மாட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு வந்தவர்களின் கதைகளைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். லாபம் இல்லாமல் மனுஷன் சுண்டுவிரலைக்கூட அசைக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி.

ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்தது. சாவிக்கொத்தில் ஒரு பழைய சாவி கண்ணில் பட்டது. அதன் பூட்டு எப்போதோ தொலைந்துபோய்விட்டது. சட்டென்று அதைக் கழற்றினார். அதே மாடியில் இருந்த எதிர்வீட்டு மணியை அடித்தார். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கருணாகரன் கதவைத் திறந்தார்.

"ஊருக்குப் போறோம். ஆத்துச் சாவி. பத்திரம்."

கருணாகரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கவலைப்படாம போயிட்டு வாங்க சார். நான் பாத்துக்கிடுதேன்."

ஆட்டோவில் ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். "கொடுத்தேளா?"

"கொடுத்தேனே!"

சாவி கொடுத்தது நிஜம்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, கல்யாண மண்டபத்தில் ஊஞ்சல் பாட்டுக்கு நடுவே ஸ்ரீலக்ஷ்மி திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஏன்னா! நேத்திக்குத் தண்ணி வரதான்னு சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன். மூடினேனான்னு ஞாபகமே இல்லை. இன்னிக்குக் கார்த்தால தண்ணி விட்டிருப்பானே!"

கஸ்தூரிரங்கனின் மனக்கண்ணில் அரிசி மூட்டை கூடத்தில் மிதந்தது.

"கிளம்பு. அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்."

"தாலி கட்டறதுக்கு முன்னாலயா? நன்னாருக்கு! எதிராத்துக்கு ஒரு போன் பண்ணுங்கோ. சாவிதான் அவாகிட்ட இருக்கே!"

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். டெலிபோன் பூத்துக்குப் போகும் வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்தார்.

கருணாகரன் அவரைப் பேசவே விடவில்லை.

"சார், காலையில உங்க வாசக்கதவுக்கு அடியில தண்ணி வந்துச்சு. உள்ள போயி குழாயை மூடிட்டேன். தரையைத் துடைச்சு, அரிசி மூட்டையையும் கட்டில் மேல தூக்கி வச்சாச்சு. கல்யாணத்தை நிம்மதியாப் பாருங்க."

"உள்ள போயா? கதவு... திறந்துதா?"

"நல்லாத் திறந்துச்சு சார்."

எப்படித் திறந்தது என்று கேட்க வாய் துடித்தது. கேட்டால் தன் குட்டு உடையும். போனை வைத்தார்.

"பாத்தேளா, நம்பிக் கொடுத்ததுக்குப் பலன்!" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. தாலி ஏறியபோது அவள் முகம் மணப்பெண்ணின் முகத்தைவிடப் பிரகாசமாக இருந்தது.

கஸ்தூரிரங்கனுக்குப் பாயசம் இறங்கவில்லை. பூட்டை உடைத்திருப்பானோ? கள்ளச்சாவியோ? அதைவிடப் பெரிய புதிர் ஒன்று குடைந்தது. உள்ளே போனவன் தரையை ஏன் துடைத்தான்? அதில் அவனுக்கு என்ன லாபம்?

ஊர் திரும்பியதும், கீழ்வீட்டில் பட்சணம் கொடுக்கப் போன ஸ்ரீலக்ஷ்மியை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எதிர்வீட்டில் கருணாகரனின் மனைவி தங்கத்திடம் அந்தப் பழைய சாவியைக் கேட்டு வாங்கினார். ஒருவேளை இதுவே திறக்குமோ? பூட்டில் நுழைத்தார். திரும்பவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருப்பினார்.

'டக்.'

பாதிச் சாவி அவர் கையில். மீதிப் பாதி பூட்டுக்குள். இனி உண்மையான சாவியும் நுழையாது.

"என்னன்னா ஆச்சு?" பட்சணக் கூடையோடு ஸ்ரீலக்ஷ்மி வந்து நின்றாள்.

இனி மறைக்க வழியில்லை. "லக்ஷ்மி, நான் அவாகிட்ட கொடுத்தது நம்மாத்துச் சாவியே இல்லை."

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்துபோனார்.

பேச்சுக் குரல் கேட்டுக் கருணாகரனும் தங்கமும் வெளியே வந்தார்கள். கருணாகரன் ஒரு குறடு கொண்டுவந்து ஒடிந்த துண்டை மெல்ல உருவினார்.

"அன்னைக்கே அது பொருந்தல சார். அவசரத்துல மாத்திக் கொடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கியது. "மாத்தித்தான் கொடுத்தேன். வேணும்னே கொடுத்தேன். என்னை மன்னிச்சுடுங்கோ. ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்கோ. எப்படித்தான் உள்ள போனேள்?"

கருணாகரன் சங்கடத்தோடு ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். தங்கம்தான் பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுச் சாவியைப் போட்டுத்தான் மாமா! இந்த பில்டிங்ல அத்தனை பூட்டுக்கும் ஒரே சாவிதானே? பத்து வருஷமா எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாம், ராத்திரித் தூக்கம் போயிரும்னு மாமிதான் சொன்னாங்க."