எனக்கு நானே எழுதிய விண்ணப்பம்

பொறுமையில் என்னைவிடப் பல மடங்கு மூத்தவளான அக்காவுக்கு, தம்பியின் வணக்கங்கள். இங்கு நாங்கள் அனைவரும் நலம். நீயும் அத்தானும் மகளின் கல்யாண அலைச்சலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

"ஒரு வாரம் முன்னாடியே வந்து நில்லுடா, எனக்குன்னு நிக்க வேற யாரு இருக்கா" என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் பிடித்தது வினை. எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறைத்தலைவர் ஓய்வுபெற்றுப் போனதும், அந்த இடத்துக்கு ஆள் போடாமல் அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆசிரியர் விடுப்பு கேட்டால் துறைத்தலைவர் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே நான் எனக்கே "மதிப்பிற்குரிய ஐயா" என்று பணிவுடன் எழுதி, பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, "இவர் கடமை தவறாதவர், விடுப்பு தரலாம்" என்று என்னை நானே மெச்சிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே கண்காணிப்பாளர் என்று ஒரு மகானுபாவர் இருக்கிறார். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் என்ன குறை என்று மோந்து பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். "கேட்டவர் கையெழுத்தும் பரிந்துரைச்சவர் கையெழுத்தும் ஒண்ணா இருக்கே சார்" என்றார். "ரெண்டு பேரும் நான்தானேய்யா" என்றேன். "எனக்குத் தெரியும் சார். தணிக்கைக்கு வர்றவனுக்குத் தெரியுமா? தலைவராப் போடறப்ப கொஞ்சம் மாத்திப் போடுங்க." தொலையட்டும் என்று வாலை நீட்டிச் சுழித்துப் போட்டேன். அதுவும் திரும்பி வந்தது. பணிப்பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். இந்த மூளையை வைத்துக்கொண்டு சாயங்காலம் எப்படித்தான் வழி கண்டுபிடித்து வீடு போய்ச் சேருகிறாரோ தெரியவில்லை.

முதல்வரிடமே போனேன். அந்த மனுஷன் துணிந்து ஒரு கையெழுத்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. விண்ணப்பத்தின் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதினார். எதிரிலேயே நிற்கிறேன், பேசினேன். "வாயால சொன்னா எப்படிங்க, எழுத்துல குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதன் ஓரத்திலும் "பேசவும்" என்று எழுதினார். நான் இப்படி வராந்தாவில் நடையாய் நடக்க, என் வகுப்பில் பாடம் பாதியில் தொங்குகிறது. அதைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை.

நேற்று கண்காணிப்பாளர் உச்சத்துக்கே போய்விட்டார். "கல்யாணப் பொண்ணு அக்கா மகள்னு எழுதியிருக்கீங்க. அவங்க உங்க அக்காதான்னு என்ன சார் ஆதாரம்?" எனக்கு வந்ததே கோபம். "சின்ன வயசுல அவ வச்ச குட்டு இன்னும் வீங்கியிருக்கு, தடவிப் பாக்கறீங்களா" என்று தலையைக் குனிந்து காட்டினேன். "அதையே சான்றா வாங்கிட்டு வாங்க" என்றார் அசராமல். கூடப்பிறந்ததுக்கு அத்தாட்சி கேட்கிற கூட்டத்தோடு நான் எப்படிக் குப்பை கொட்டுவது, நீயே சொல்.

நீ கவலைப்படாதே. என் தோளில் ஏறி விளையாடிய குழந்தை அவள். மணமேடையில் நின்று என்னைத் தேடும்போது நான் இல்லாவிட்டால் எனக்குத்தான் ஆறாது. விடுப்பு தந்தாலும் தராவிட்டாலும் வருகிறேன், வேலை போனால் மயிரே போச்சு. மணமக்கள் எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்காமல் நீடூழி வாழ ஆசிகள். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உத்தரவு வந்தது. முதல்வர் நீண்ட விடுப்பில் போகிறார். பணிமூப்புப்படி நான்தான் பொறுப்பு முதல்வர். என் விண்ணப்பம் இப்போது என் மேசைக்கே வந்திருக்கிறது. அனுமதிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கண்காணிப்பாளர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் உருளப்போவது என் தலை. ஓரத்தில் "பேசவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ என் உடன்பிறந்த அக்காதான் என்பதற்கு, உரிய அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் உள்ள சான்று ஒன்றை உடனே அனுப்பி வைக்கவும்.