எண்ணெய் நெருக்கடிக்குக் கெட்டிமேளம்

ஒரு வேலை தெரியாதவனால் யாருக்கும் பெரிய கெடுதல் வருவதில்லை. அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த வேலை கொஞ்சம் தெரிந்து, அதைச் செய்துகாட்ட ஆசையும் உள்ளவன் இருக்கிறானே, அவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் அந்த இரண்டாவது வகை.

கிழமை நாட்களில் வைலே நகரத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறேன். சனி, ஞாயிறுகளில் நான் கலைஞன். டென்மார்க்கில் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். மாப்பிள்ளையை முகிலுக்குள்ளிருந்து இறக்குவேன்; பொம்பிளையை ரோசாப்பூவுக்குள்ளிருந்து எடுப்பேன்; இரண்டு பேரையும் ஒரு இதயத்துக்குள் போட்டுச் சுற்றவிடுவேன். (எங்கட சனத்துக்கு அதுவும் காணாது. இன்னும் ரெண்டு சுத்து விடச் சொல்லுவினம்.)

என் மகள் துளசி ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போய், பட்டத்தோடு மத்தியாஸ் என்ற டேனிஷ் பெடியனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சில மாதங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து, இடியப்பத்தைச் சொதியில் குழைத்து, கையால் சாப்பிட்டு, மூன்றாம் தரமும் கேட்டு வாங்கினான். என் எதிர்ப்பு அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரே கவலைதான்: அவனுடைய வீட்டார் எங்களைச் சும்மா ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

மத்தியாஸின் தகப்பன் பௌல், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். பத்தொன்பது வயதில், 1972இல், மாணவர் பரிமாற்றத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சிக்குப் போனவர். அடுத்த வருடக் கடைசியில் திரும்பியிருக்க வேண்டியவர். எண்ணெய் நெருக்கடி வந்தது, விமானங்கள் குறைந்தன, 1974 கோடை வரைக்கும் அங்கேயே மாட்டிக்கொண்டார். இந்தக் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். விலைகளும் மனப்பாடம். எதை வாங்கினாலும் பௌல் அதன் அன்றைய அமெரிக்க விலையைச் சொல்லிவிட்டுத்தான் பையில் போடுவார். கலன் பெற்றோல் முப்பத்தாறு சதம், பேக்கரிப் பாண் இருபத்தைந்து சதம், முட்டை டசின் அறுபது சதத்துக்குள், சினிமா டிக்கெட் இரண்டு டொலருக்குக் கீழே.

முதல்முறை சந்தித்தபோது என்னையும் கேட்டார்.

“அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாண் என்ன விலை?”

“விலை பிரச்சினையில்லை. பாண்தான் இருக்கவில்லை” என்றேன். “நீங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் பாணுக்கு நின்றோம். நான் சின்னப் பிள்ளை. பெரியவர்களின் கால்களுக்கிடையில் புகுந்து முன்னுக்குப் போவேன்.”

பௌல் சிரித்து என் முதுகில் தட்டினார். அவருடைய மனைவி இங்கர் சிரிக்கவில்லை. “தயவுசெய்து இவருக்கு இன்னொரு நாட்டு விலையையும் கற்றுக்கொடுக்க வேண்டாம்” என்றார். அமைதியான, முகம் அசையாமல் பேசுகிற மனுஷி.

பௌலுக்கு எழுபது வயது வந்தது. விருந்தின் கருப்பொருள், வேறென்ன, எழுபதுகளின் தொடக்கத்து அமெரிக்கா. தகப்பன் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறைய இருந்த பழைய ஸ்லைட் படங்களை மத்தியாஸ் ஒன்றையும் பார்க்காமல் மொத்தமாக இயந்திரத்தில் கொடுத்துக் கணினிக்கு மாற்றி என்னிடம் தந்தான்.

“சின்ன வீடியோ ஒன்று போதும், ஐந்து நிமிடம். அமைதியாக” என்றான்.

துளசி தனியாகக் கூப்பிட்டும் சொன்னாள்: “அப்பா, அவை சிம்பிளான ஆக்கள். பிளீஸ், ஹார்ட் ஒண்டும் வேண்டாம். முடிச்சிட்டு எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ.”

“ஓம் ஓம்” என்றேன். காட்டவில்லை. (கலைஞன் பாதிப் படத்தைக் காட்டுவானோ?)

படங்கள் அருமை. கட்டில்போல அகலமான கார்கள். வீதியைக் கூட்டிக்கொண்டு போகும் அகலக்கால் காற்சட்டைகள். பட்டர்புரூட் பச்சையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. அலுமாரி அளவில் தொலைக்காட்சி. அதற்கு முன்னால் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருக்கும், பௌல் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா. திரையில் ஜனாதிபதியின் ஆட்களை நிறுத்திவைத்து நடந்த விசாரணை. 1973 கோடையில் வழக்கமான நாடகங்களைத் தள்ளிவைத்துவிட்டு நாள் முழுக்க அதைத்தான் காட்டினார்களாம். அம்மாவுக்கு அதிலும் ஒரு வில்லன் கிடைத்துவிட்டதால் குறையொன்றும் தெரியவில்லையாம். பெற்றோல் வரிசைப் படங்களும் இருந்தன. இலக்கத்தகட்டில் ஒற்றை எண் என்றால் ஒற்றைத் தேதியில், இரட்டை என்றால் இரட்டைத் தேதியில் என்று முறைவைத்துக் கொடுத்த காலம் அது.

இந்தப் படங்களுக்கிடையில் ஒரு பெண் பிள்ளை வந்துகொண்டேயிருந்தாள். நீளமான வெளிர் தலைமுடி, பெரிய கண்ணாடி. சூப்பர்மார்க்கெட் கவுண்டருக்குப் பின்னால், சட்டையில் சிரிக்கும் மஞ்சள் முகச் சின்னம் குத்தியபடி. பெற்றோல் வரிசையில், பௌலின் காருக்குள். காரிலிருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிச் சினிமாவில், பௌலின் தோளில் சாய்ந்தபடி.

“இஞ்சை பார், இது இங்கர்தானே?” என்று மனைவி வசந்தியைக் கேட்டேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “எனக்கெண்டால் மூக்கு வித்தியாசமாத் தெரியுது.”

“அம்பது வருசத்தில மூக்கும் மாறுமப்பா.”

என் தர்க்கத்தைக் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு இளந்தாரியும் ஒரு பெட்டையும் தோளோடு தோள் நிற்கும் படம் பத்திரமாக இருக்கிறதென்றால், அது கல்யாணத்தில் முடிந்த படம். முடியாத படங்களெல்லாம் கல்யாணத்துக்கு முதலே கிணற்றடியில் சாம்பலாகிவிடும். அரை நூற்றாண்டு பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிற படம் பெண்சாதியுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்க முடியும்?

அன்றே ஐந்து நிமிடம் இருபது நிமிடமானது.

ஒரு கிராம மண்டபத்தில் மதிய விருந்து. மேசைகளில் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள். விருந்தாளிகள் பௌலைப்பற்றித் தாங்களே பாட்டெழுதி, தாளில் அடித்துக் கொண்டுவந்து, எல்லோருக்கும் கொடுத்துப் பாடினார்கள். வயதானவர்கள் அகலக்கால் காற்சட்டையில் சந்தோஷமாகத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். நான் கோட்டு சூட்டில், சொந்த மைக்கோடும் சொந்த ஸ்பீக்கரோடும் எழுந்தேன்.

முதல் பாதி பிரமாதம். விலைகள் பறந்து வந்து விழ, பௌல் அவை விழுவதற்கு முதலே சத்தமாகச் சொன்னார். மண்டபம் கைதட்டியது. துளசிகூடச் சிரித்தாள். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு திரை இருண்டது. மினுங்கும் எழுத்தில் டேனிஷில் ஒரு வரி எழுந்தது: ‘எல்லாம் இங்கேதான் தொடங்கியது.’ கவுண்டரில் அந்தப் பிள்ளை. சுற்றி ஒரு இதயம். பெற்றோல் வரிசையில் அந்தப் பிள்ளை. மேலிருந்து ரோசா இதழ்கள். திறந்தவெளிச் சினிமாவில், பௌலின் தோளில் தலை சாயும் இடத்தில், கெட்டிமேளம்.

மண்டபம் அமைதியானது. (நான் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.)

இங்கர் முகம் அசையாமல் சொன்னார்: “அது நானில்லை. அந்த வருடம் நான் இங்கே டென்மார்க்கில், ஸ்கீவவுக்குப் பக்கத்தில் மாடு கறந்துகொண்டிருந்தேன்.”

டேனிஷ்காரர் பகிடி விடும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார்கள் என்று மொழி வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அந்தப் பாடம் சரியாக அப்போதுதான் ஞாபகம் வர வேண்டுமா? நான் மைக்கில் வாய்விட்டுச் சிரித்தேன். மண்டபத்தில் சிரித்தது நான் ஒருவன்தான்.

“மணப்பெண்ணுக்கு வெட்கம்!” என்று அறிவித்தேன். “இருவரும் மேடைக்கு வந்து, கேக் வெட்டி, ஒருவருக்கொருவர் ஊட்டிவிடும்படி அன்போடு அழைக்கிறோம்!”

பௌலின் முகம் மேசையிலிருந்த கொடிகளைப்போலச் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. இங்கர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

“பௌல், இதுதானா அந்த எண்ணெய் நெருக்கடி?”

இது பகிடியில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. “ஸ்டொப், அப்பா, இப்பவே ஸ்டொப்!” என்று கத்தியபடி ஓடிவந்த துளசி புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினாள். படம் நின்றது. மேளம் நிற்கவில்லை. ஸ்பீக்கர் பற்றரியில் ஓடுவது. அதை நிறுத்தும் பொத்தானை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மணமக்கள் இல்லாத கெட்டிமேளம் பாதியில் நிற்காமல் முழங்கி முடிந்தது. அப்போது ஒரு கிழவர் மரியாதைக்காக, “நிறங்கள் நல்ல தெளிவு” என்றார்.

வீடு திரும்பும்போது துளசி எங்கள் காரில் ஏறவில்லை. வசந்தி வைலே வரைக்கும் ஒன்றும் பேசாமல் வந்து, கராஜ் கதவு திறக்கும்போது, “மூக்கு வித்தியாசம் எண்டு நான் சொன்னனான்” என்றாள்.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பழைய கல்யாணத்தைக் குலைத்து, புதிதாக நடக்கவிருந்த ஒன்றையும் கையோடு குலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். துளசிக்கு அனுப்பிய செய்திகளை அவள் வாசித்தாள், பதில் போடவில்லை. பண்டகசாலையில் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. வாசலில் இங்கர், தனியாக. டேனிஷ்காரர் முன்கூட்டியே நாள் குறிக்காமல் சொந்தச் சகோதரி வீட்டுக்கும் போக மாட்டார்கள். ரயிலேறிச் சொல்லாமல் வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது. வசந்தி தேத்தண்ணி போட ஓடினாள். எனக்கு ஓட இடமில்லை.

“அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கள்” என்றார். “மேளம் வேண்டாம்.”

போட்டேன். விலைகள் வந்தன, தொலைக்காட்சி வந்தது, கவுண்டர் வந்தது. “நிறுத்துங்கள்” என்றார். அந்தப் பிள்ளையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த அசையாத முகம் அசைந்தது. கண்ணில் தண்ணீர் வர, தேத்தண்ணிக் கோப்பை ஆட ஆடச் சிரித்தார்.

“நாங்கள் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பாண் விலை, முட்டை விலை, சவர்க்காரத்தின் விலை. ஒரு நாட்டின் விலைவாசி ஒரு ஆளுக்கு எப்படி மறக்காமல் இருக்கும் என்று எத்தனை தரம் யோசித்திருக்கிறேன்! இப்போது விளங்குகிறது, அவர் தினமும் எந்தக் கவுண்டரில் போய் நின்றார் என்று.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவர் விலைகளை நினைத்துத்தான் ஏங்குகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.”

வசந்தி கவலையோடு டேனிஷில் சொன்னாள்: “எங்கள் ஆட்கள் என்றால் கல்யாணத்துக்கு முதலே எரித்துவிடுவார்கள்.”

“எரிக்க வேண்டியதில்லை. விலை சொல்வதை நிறுத்தினால் போதும்.”

நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து பௌல் கடையில் ஒரு விலையும் சொல்வதில்லை. தவறி வாயைத் திறந்தாலும் இங்கர், “சுகமாக இருக்கிறாளா?” என்று கேட்பார். இரண்டு குடும்பத்திலும் பழைய காதலுக்கு இப்போது எண்ணெய் நெருக்கடி என்றுதான் பெயர். “உங்களுக்கு ஏதும் எண்ணெய் நெருக்கடி இருந்ததோ?” என்று வசந்தி என்னைக் கேட்கிறாள். நான் பாண் கியூவோடு சரி என்று சொல்லித் தப்பிக்கொண்டிருக்கிறேன்.

துளசி என்னை மன்னிக்க அடுத்த மாதமானது. மன்னித்தாள், ஆனால் கல்யாணத்தில் நான் கமராவைத் தொடக் கூடாது என்றாள். ஸ்கீவவிலிருந்து வேறொருவனைப் பிடித்தார்கள். (நல்ல பெடியன்தான், வெளிச்சம்தான் பிடிக்கத் தெரியாது.) மண்டப வாசலில் இங்கர் அவனைக் கூப்பிட்டு, துளசியின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, “இதுதான் மணப்பெண். வடிவாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

எத்தனையோ தாலி கட்டுகளை எடுத்திருக்கிறேன். ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கண் எப்போதும் வெளிச்சத்தில் இருக்கும், பற்றரியில் இருக்கும், குறுக்கே வரும் மாமிமாரில் இருக்கும். அன்றுதான் வெறுங்கையோடு இருந்து பார்த்தேன். பார்த்தது என் பிள்ளையுடையது. மத்தியாஸ் முடிச்சுப் போட்டபோது நான் சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதேன். அந்த வெளிச்சம் பிடிக்கத் தெரியாத பாவி மணமக்களை விட்டுவிட்டு என்னையே எடுத்துக்கொண்டிருந்தான்.

வீடியோவில் தாலி கட்டும் காட்சியைவிட நான் மூக்குச் சிந்தும் காட்சி நீளம். இங்கர் வீட்டுக்கு யார் வந்தாலும் கோப்பியோடு அதுவும் உண்டு. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, திரையில் என் முகத்தைத் தொட்டு, “சம்பந்தி” என்கிறார். டேனிஷில் அதற்குச் சொல் இல்லையாம்.