சட்டைப்பையில் திராட்சை

மனித குலத்தில், பிறர் வீட்டு வாசலில் மட்டுமே ஆபத்தைக் காணும் கண் படைத்த பிரிவினர் சிலர் உண்டு. நாய் வளர்க்கும் வீட்டில் ஒரு பூந்தொட்டி வைத்தால் போதும், மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள்.

தையற்கடைக்காரி ஒருத்தியின் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தார். தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அணைக்கத் தீ கிடைக்காத குறையைச் செடிகளிடம் தீர்த்துக்கொண்டார். தெரு அவருக்கு இட்ட பெயர் 'அபாயம்'. காலையில் உலாவ வருபவர், அவள் வீட்டு வாசற்கதவைத் தாமே திறந்துகொண்டு உள்ளே வந்து, குனிந்து, ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, கண்ணை மூடிச் சற்று நேரம் நின்று, பிறகு தீர்ப்புச் சொல்வார்.

"ஆகாதும்மா. நாய்க்கு ஆகவே ஆகாது."

எந்த நூலில் படித்தார்? யாரிடம் கேட்டறிந்தார்? அதையெல்லாம் கேட்க நீங்கள் யார்?

தையற்கடைக்காரியும் கேட்கவில்லை. அவளுக்குப் பொத்தான் என்றொரு நாய். துணி வெட்டும் மேசைக்கடியில் துண்டுத் துணிகளின்மேல் படுத்து, தையல் எந்திரம் ஓடினால் உறங்கும். நின்றால் விழித்துத் தலை தூக்கும். அதற்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால்? அந்த அச்சத்தில் முதலில் அரளியைப் பிடுங்கினாள். அது நியாயம், அரளி நஞ்சுதான். ஆனால் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டவரை அப்புறம் யாரால் தடுக்க முடியும்? அடுத்து ரோஜா போயிற்று. அதற்கடுத்து, தண்ணீர்ப் பஞ்சத்திலும் அவள் வாடவிடாமல் காத்த செம்பருத்தி. ஒவ்வொரு செடி போகும்போதும் அபாயம் பொத்தானைத் தட்டிக்கொடுத்து, தம் வீட்டுக் கொடியில் பழுத்த திராட்சையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஊட்டுவார். செம்பருத்தி போன அன்று துக்கம் பெரிது. ஆறுதலும் ஒரு கொத்தாயிற்று.

அன்று மாலை எந்திரம் நின்றும் பொத்தான் தலை தூக்கவில்லை. வாந்தி வேறு. அவள் அதை வாரியெடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள். அபாயமும் உடன் ஓடினார். செம்பருத்தியின் வேர் மண்ணில் மிச்சம் இருந்திருக்கும் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டே.

மருத்துவர் அம்மையார் செடிகளின் பெயர்களைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரோஜாவும் செம்பருத்தியும் ஒண்ணும் பண்ணாதும்மா. அதை எதுக்குப் பிடுங்குனீங்க? வேற என்ன தின்னுச்சு?"

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்," என்றார் அபாயம் பெருமையுடன். "நான்தான் கொஞ்சம் திராட்சை குடுத்தேன். பழம்தானே, உடம்புக்கு நல்லது."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாய்க்கு அதுல சிறுநீரகமே போயிடும் சார்."

பொத்தானுக்கு ஊசி போட்டார்கள். நரம்பில் சொட்டுச்சொட்டாய் மருந்து ஏற்றினார்கள். தையற்கடைக்காரி அதன் காதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சில நாள் கழித்து, கடையில் எந்திரம் நின்றதும் பொத்தான் மெல்லத் தலை தூக்கியது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்க நெடுநேரம் ஆயிற்று, கண்ணீர் மறைத்தது.

அபாயம் திருந்தினாரா? அதற்குள் அவர் வாசல் வாசலாக நின்று, "திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாது, நிறைய பேருக்கு இது தெரியறதில்ல" என்று ஊருக்கே அறிவித்து முடித்திருந்தார். போகிற போக்கில், கை கிழிந்த சட்டையொன்றை அவளிடம் தைக்கவும் கொடுத்தார். கிழிசல் இருந்த இடமே தெரியாதபடி தைத்துக் கொடுத்தாள். சட்டைப்பையின் வாயையும் சேர்த்து.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் எதிர்வீட்டில் நாய் வளர்ப்பவரிடம் இதை உடனே போய்ச் சொல்ல வேண்டுமென்று கால் பரபரக்கிறதே, புறப்படுமுன் உங்கள் சட்டைப்பையை ஒருமுறை தடவிப் பாருங்கள்.