மதலேனா எழும்பவில்லை

சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று மதலேனா சொல்லவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புருசன் செபமாலைக்கு விளங்கிவிட்டது.

"கொஞ்சம் தண்ணி விட்டுத் தரட்டே?"

"எனக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கோ."

அவர் குடித்துப் பார்த்தார். கடலே பரவாயில்லை.

கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மதலேனா கட்டிலோடுதான். வீட்டுக்கு வந்து பார்த்த பிசியோ பிள்ளை ஜெனுஷா, அவரை வெளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"எலும்பு பொருந்தீட்டுது ஐயா. படுத்தே கிடந்ததில சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. மனமும் விழுந்து போச்சு. முட்டை, மீன், பருப்பு எண்டு குடுங்கோ. எப்பிடியாவது எழுப்பி நடத்துங்கோ."

சுவரைப் பார்த்துப் படுப்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான கீரிக்குத் திரும்பியபோது, படகை விட்டுப்போன இடத்தில் மணல்தான் இருந்தது. காணாமல் போன மகன் மில்ரனைப் பற்றி எந்த அரசாங்கக் கந்தோரிலும் ஒரு சொல் கிடைக்கவில்லை. அப்போது சுவரைப் பார்த்துக் கிடந்தவர் செபமாலை. கை கால் குச்சியாகிப் போனது. கருவாடு விற்று, சோறு குழைத்து அவர் வாயில் வைத்தவள் மதலேனா. அவள் விழுந்த பிறகு, வேறு வழியில்லாமல்தான் அவர் எழும்பினார். இப்போது விடியவே கரைவலை இழுக்கப் போகிறார். இழுத்தால் கறிக்கு மீன் தருவார்கள்.

மீனும் சூப்பும் சரிவராததால் கயிற்றை எடுத்தார். கட்டிலுக்கு மேலே கூரைத் தடியில் கட்டித் தொங்கவிட்டார்.

"இதைப் பிடிச்சு எழும்பு, மதலேனா."

"அறுந்து விழும்."

"ஆர் கட்டின கயிறு? இஞ்ச பார்!"

முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். கயிறு அறவில்லை. தடிதான் முறிந்தது. மேலேயிருந்த தகரம் ஒன்று வழுக்கி ஒரு பக்கம் சரிந்தது. தலையணைக்கு மேலே வானம் தெரிந்தது.

அன்று பின்னேரமே மழையும் வந்தது. செபமாலை கட்டிலை மற்றப் பக்கம் இழுத்துப் போட்டார். அந்தப் பக்கமும் ஒரு சுவர் இருந்தது. மதலேனா அதைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

மழை விட்டதும், பக்கத்து வீட்டு லூசியாவின் ஏணியை வாங்கிக்கொண்டு கூரையில் ஏறினார். ஈரத் தகரத்தில் காலை வைத்தார். மற்றக் கால் ஏணியைத் தட்டிவிட்டது. ஏணி மெதுவாகச் சாய்ந்து முற்றத்தில் விழுந்தது.

"லூசியா! எடி லூசியா!"

லூசியா கடைக்குப் போயிருந்தாள். தகரம் அவரையும் சேர்த்துக்கொண்டு கீழே நகரத் தொடங்கியது.

"மதலேனா! நான் விழப்போறன்!"

அவள்தான் என்ன செய்வாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, அசையாதேங்கோ!"

கண்ணைத் திறந்தார். மதலேனா வாசலில் நின்றாள். கதவு நிலையைப் பிடித்திருந்த கையை விட்டாள். ஈர மணலில் நடந்து வந்து, ஏணியை நிமிர்த்திச் சுவரில் சாத்தினாள். "பாத்து இறங்குங்கோ" என்றவள், அவர் இறங்கும்வரை ஏணியைப் பிடித்திருந்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

செபமாலை முற்றத்தில் முழங்காலில் விழுந்தார். "மடு மாதாவே!" என்று விம்மினார். வேலியடியில் லூசியாவின் தலை தெரிந்ததும் எழும்பி ஓடினார்.

"லூசியா, மாதா புதுமை செய்திட்டா! மதலேனா நடந்திட்டாள்!"

லூசியா கடைப் பையைக் கீழே வைத்தாள்.

"என்ன புதுமை, அண்ணை? நீங்கள் வலைக்குப் போனாப் பிறகு அக்கா ஒவ்வொரு நாளும் முற்றத்தில நடக்கிறவ. 'நான் எழும்பினா அந்த மனுசன் திரும்பப் படுத்திடும், சொல்லிப்போடாதை' எண்டவ."