மிட்ஃபீல்டர் 'ஏனுங்க'

எதிரணிக்காரரிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பந்தைப் பறித்த மிட்ஃபீல்டர், உலகக் கால்பந்துச் சரித்திரத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் 'ஏனுங்க'. வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஜெர்சியின் முதுகில் மட்டும் இருந்தது. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனாலும் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை.

சொந்த ஊர் அவிநாசி. கோயம்புத்தூர் கிளப்பில் நாங்கள் ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் நடுக்களத்தில் ஆடுவார். நான் இரண்டாவது கோல்கீப்பர், அதாவது ஓரத்து பெஞ்சில் உட்காருபவன். முதல் நாள் பயிற்சியில், "பந்து வேணும்னா சத்தம் போட்டுக் கேக்கணும்" என்றார் கோச். இவரும் சத்தமாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க! சித்த இக்கட்ட போடறீங்களா?"

வாக்கியம் முடிவதற்குள் எதிரணி பந்தைப் பிடுங்கி, கோல் போட்டு, கட்டிப்பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கோச் தலையில் கை வைத்தார். "யோவ், நீ பந்து கேக்கறயா, பொண்ணு கேக்கறயா?"

அன்றிலிருந்து அவர் 'ஏனுங்க' ஆனார். கெட்ட வார்த்தை இல்லாமல் கால்பந்து ஆட முடியாது என்று சொல்வார்கள். இவருக்கு 'ங்க' இல்லாமல் ஆட முடியாது.

ஆனால் அந்தக் கால்கள் இருக்கின்றனவே! மூன்று பேருக்கு நடுவே, ஊசியில் நூல் கோப்பதுபோல் பந்தை அனுப்புவார். கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப் தேடி வந்தது. "எங்க கீப்பரும் வந்தாத்தானுங்க நான் வருவேன். தனியா எனக்கு சோறு எறங்காதுங்க" என்று சொல்லிவிட்டார். இப்படியாக, கோவா கிளப் வேண்டாமலேயே வாங்கிய கோல்கீப்பர் நான்.

அங்கே கோச் போர்ச்சுகல்காரர். ஸ்டாப்பர் பிரேசில்காரர். விங்கில் இரண்டு மணிப்பூர்க்காரர்கள். ஏனுங்கவுக்கு இந்தியும் வராது, இங்கிலீஷும் வராது. அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மூன்றே மாதத்தில் மற்ற எல்லோரும் கொங்குத் தமிழ் கற்றுக்கொண்டார்கள். "அக்கட்டங்க! அக்கட்ட!" என்று பிரேசில்காரர் அலறுவார். "உடுங்க, உடுங்க!" என்று மணிப்பூர் பதில் வரும். 'அக்கட்ட' என்றால் 'அந்தப் பக்கம்', 'உடுங்க' என்றால் 'பந்தைத் தொடாதே, போகட்டும்' என்று அர்த்தம். இது ஏதோ ரகசிய பாஷை என்று மிரண்டுபோன எதிரணி ஒன்று, மொழிபெயர்க்க ஒரு தமிழரைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தது. பாவம், அவர் திருநெல்வேலிக்காரர். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பிறகு இந்திய அணியும் அழைத்தது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏனுங்க எடுத்துப்போன முக்கியமான சாமான் ஒரு குட்டி குக்கர். மத்தியானம் ஓட்டல் அறையில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்திருக்கிறார். புகை கிளம்பி, அபாய மணி அடித்து, அத்தனை மாடியும் காலி. மறுநாள் இந்தியாவோடு மோத வேண்டிய அணியின் பெரிய நட்சத்திரம் துண்டோடு புல்வெளியில் நின்றாராம். கடைசியாக ஏனுங்க குக்கரைக் கட்டிப்பிடித்தபடி இறங்கி வந்தார். "மூணாவது விசிலே வரலீங்க. அதுக்குள்ள மணி அடிச்சுப்போட்டாங்க" என்று போனில் என்னிடம் ரொம்ப வருத்தப்பட்டார்.

ஆட்டத்தில் அதே நட்சத்திரத்தை மூன்று முறை கீழே தள்ளினார். மூன்று முறையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். "போச்சாதுங்க, எந்திரிங்க." எங்கள் ஊரில் 'பரவாயில்லை' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

இனி சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

கோவா கிளப்புக்கு ஒரு அரையிறுதி. முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்ததால் நான் இறங்கினேன். ஆட்டம் முடியப்போகும் நேரம், கோல் ஏதும் விழவில்லை. மெதுவாக ஒரு பந்து உருண்டு வந்தது. குனிந்தால் எடுத்திருக்கலாம். வெளியே போய்விடும் என்று விட்டுவிட்டேன். அது கம்பத்தில் பட்டு உள்ளே போய்விட்டது. தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் கோச் என்னைப் பார்த்துக் கதவைக் காட்டினார். என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம். இதெல்லாம் ஏனுங்கவுக்குத் தெரியும். எழுந்து நின்றார்.

"கீப்பரு மேல தப்பில்லீங்க. நாந்தான் 'உடுங்க'ன்னு கத்திப்போட்டேன்."

அவர் கத்தவே இல்லை. அந்த நேரம் அவர் மைதானத்தின் நடுவில் நின்றிருந்தார். நான் "இல்ல கோச்" என்று ஆரம்பித்தேன். ஏனுங்க என் தோளை இறுக்கிப் பிடித்துக் காதருகே சொன்னார்: "உடுறா."

என் வாழ்க்கையில் அவர் 'ங்க' போடாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வேலை தங்கியது.

அடுத்த இந்திய முகாமுக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. களத்தில் தவறான குரல் கொடுக்கிறார் என்று காரணம் சொன்னார்கள். விடுதிச் சாப்பாட்டு மேஜையில் போனில் பட்டியலைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அவர் என் தட்டைப் பார்த்தார். "கீப்பரு, ரசம் ஆறுதுங்க."

ஒன்றரை வருஷம் இந்தியா ஆடிய ஆட்டங்களை என் அறை டிவியில்தான் பார்த்தார். "இக்கட்ட போடுங்க, ஆள் சும்மா நிக்கறாங்க" என்று டிவியிடம் கெஞ்சுவார். நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சொன்னதில்லை. பிறகு யாருக்கோ அடிபட்டு, இவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முழங்கால் கைவிடும்வரை ஆடினார்.

அவர் ஓய்வு பெற்றபோது கோயம்புத்தூரில் பாராட்டு விழா. நான் மைக்கைப் பிடித்து, அந்த அரையிறுதியில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். ஏனுங்க நொண்டியபடி மேடையேறி மைக்கை வாங்கினார்.

"கீப்பருக்கு ஞாபக மறதிங்க. நான் கத்துனது அவிநாசி வரைக்கும் கேட்டுச்சுங்க."

ஒரே சிரிப்பு, கைதட்டல். என்னை யாரும் நம்பவில்லை. கீழே இறங்கியதும் அவர் மனைவி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு டிவியில பாத்துட்டுத்தான் இருந்தனுங்ணா. அவரு வாயே தொறக்கலீங்க."

இப்போது அவிநாசிப் பக்கம் தோட்டத்தில் வாழை போட்டிருக்கிறார். போன் பேசுவதென்றால் அவருக்கு ஆகாது. இந்தப் பத்திரிகை வந்ததும் மனைவி படித்துக் காட்டுவார். அன்றைக்கே எனக்கு போன் வரும், "ஏனுங்க கீப்பரு, இப்படிப் பொய் எழுதலாமுங்களா?" என்று.

வரட்டும். திட்டுவதற்காகவாவது கூப்பிடட்டும். அந்தக் குரலைக் கேட்டு ஏழெட்டு மாதம் ஆகிறது.