ரோச் வந்தால் நிற்கும் கேமரா

முத்தையாபுரம், தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவரும், எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொல் கடிந்து பேசாதவருமான அருமை மாப்பிள்ளை செந்தில்முருகன் அவர்களுக்கு, மாமனார் தங்கப்பாண்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். வாசல் கேட்டின் இடப்பக்கத்துத் தூண் மட்டும் சுகமில்லை. அங்கே உங்கள் சுகமும் மகள் அனுசியாவின் சுகமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று ரகசியக் குரலில் சொல்கிறீர்கள். இந்த விஷயமோ ரகசியக் குரலுக்கு அடங்காதது.

பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் ஆசை ஆசையாக நாலு கேமராவை மாட்டி, படமெல்லாம் போய்ச் சேர ஒரு கறுப்புப் பெட்டியையும், அதன் பக்கத்திலேயே வைஃபை பெட்டியையும் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா? கறுப்புப் பெட்டியின் பெயர் நாஸ் என்றீர்கள். உங்கள் மாமியார் அன்றைக்கே என்னைத் தனியாக இழுத்து, "நல்ல நாளும் அதுவுமா நாசம் நாசம்னு சொல்லுதாரே, நீங்க கேட்டுக்கிட்டு இருக்கிய?" என்று கோபித்தாள். நான்தான் அடக்கினேன். சுவரைக் குடைய வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம், எல்லாம் வைஃபையில் ஓடும் என்று நீங்கள் சொன்னதை இந்தத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

இப்படி இருக்கையில் போன மாதம் நான் காய்கறி வாங்கித் திரும்பிவந்தால் கேட்டுத்தூண் சாய்ந்து கிடக்கிறது, கேட் ஒற்றைக் கீலில் தொங்குகிறது, வாசலில் ரோச்சின் பழைய ஜீப் நிற்கிறது. ரோச்சை உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே தாளம் போட்டவன். புன்னைக்காயல்காரன். துறைமுகத்தில் நான் சரக்குக் கணக்குப் பார்த்த காலத்தில் அவன் அங்கே வயர்லெஸ் ஆப்பரேட்டர். உள்ளே போனால் அவன் டிவியை ஊருக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு வடை தின்கிறான். "ஏலே, தூணு என்னாச்சு?" என்றேன். "எந்தத் தூணு?" என்றான். வெளியே வந்து பார்த்துவிட்டு, "நான் உள்ள வரும்போது நேராத்தான நின்னுச்சு!" என்றான்.

சரி, நம் மாப்பிள்ளை மாட்டிய கேமரா எதற்கு இருக்கிறது என்று பதிவைப் போட்டேன். ஜீப் தெருமுனையில் மூக்கை நீட்டுகிறது. அத்தோடு படம் காலி. அடுத்து வரும் படத்தில் ஜீப் வாசலில் நிற்கிறது, தூண் சாய்ந்திருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்குச் சந்தேகம் பிடித்து முந்தைய வாரங்களையும் ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, அங்கேதான் எனக்கு வியர்த்துவிட்டது. எப்போதெல்லாம் ரோச்சின் ஜீப் வருகிறதோ அப்போதெல்லாம் படம் நின்றிருக்கிறது! பால்காரன் வந்தால் நிற்கவில்லை, தபால்காரர் வந்தால் நிற்கவில்லை, ரோச் வந்தால் மட்டும் நிற்கிறது. வயர்லெஸ் படித்தவன், ஏதோ கருவியை மடியில் கட்டிக்கொண்டு வருகிறான் என்று முடிவு கட்டி, அதை அவன் முகத்துக்கு நேராகவே கேட்டும்விட்டேன். அவன் கையில் இருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை. தெருவில் பார்த்தாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உங்களைக் கேட்டதற்கு, "ஹார்டுடிஸ்க் தூங்கப் போயிருக்கும் மாமா" என்றீர்கள். நானும்தான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன், அதற்காக என் மூச்சு நின்றா போகிறது? இருந்தாலும் உங்கள் வாக்கை மதித்து, கேமரா கடை ஜெபினைக் கூப்பிட்டேன். அவர் டிஸ்க் தூங்காதபடி செய்தார், பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார், கேமராவின் கடிகாரத்தைத் திருத்தினார். அதிலிருந்து பதிவு ஒரு நொடிகூட விடவில்லை. "சரியாயிட்டு அண்ணாச்சி" என்றார் ஜெபின். எனக்குத் தெரியாதா? ரோச் வரவில்லை, அதனால் படம் நிற்கவில்லை! உங்கள் மாமியாரிடம், "பாத்தியா, திருடன் போனான், தொந்தரவும் போச்சு" என்றேன். அவள், "வீடும் வெறிச்சுன்னு போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த டிவிச் சத்தம் இல்லாமல் மத்தியானங்கள் நகரவே இல்லை.

போன புதன்கிழமை ஜெபின் கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க வந்தார். நானும் அவரும் டிவியில் நாலு கேமராவையும் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று நாலும் அப்படியே உறைந்து நின்றன. "ரோச் வந்துட்டான்!" என்று வாசலுக்கு ஓடினேன். ஒரு பூனைகூட இல்லை. உள்ளே சமையலறையில் டிங் என்று மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் படம் தானாக ஓட ஆரம்பித்தது. உங்கள் மாமியார் சூடான வடைத் தட்டோடு வந்து, "சாப்பிடுங்க தம்பி" என்று ஜெபினிடம் நீட்டினாள். ஜெபின் வடையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், "அக்கா, இன்னொரு தட்டு சூடு பண்ணுங்க" என்றார். மைக்ரோவேவ் ஓவன் ஓடியது, படம் நின்றது. அந்த ஓவனின் அலை பக்கத்தில் இருக்கும் வைஃபையைத் தின்றுவிடுகிறதாம்!

"அப்போ ரோச் வந்தா மட்டும் ஏன் நிக்குது?" என்று கேட்டேன்.

"அண்ணன் ஜீப் சத்தம் தெருமுனையில கேட்டதுமே பலகாரத்தை ஓவன்ல வச்சிருவேன்" என்றாள் உங்கள் மாமியார் பேச்சிச்செல்வி.

"எனக்கு ஒரு நாளும் வச்சதில்லையே?"

"நீங்க எங்க போயிரப் போறிய? இங்கனதான கெடக்கிய!"

ஜெபின் வைஃபை பெட்டியை ஹாலுக்கு மாற்றி, கேமராக்களுக்குச் சுவரைக் குடைந்து வயரே இழுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்து, மிச்சமிருந்த தூணையும் ஒரு முட்டு முட்டிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் போனது. அத்தனையும் பதிவாகியிருந்தது. டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டியதும், முதல் இடியும் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

நேரே ரோச் வீட்டுக்குப் போனேன். ஜீப்பின் பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். தலையை வெளியே எடுக்காமலே பேசினான்: "ஏலே தங்கம், எந்த நாட்டுக் கப்பல்ல இருந்து கூப்பிட்டாலும் பதில் சொன்னவன் நான். நீ என் எதிர்ல வந்தும் ஒரு பதில் சொல்லாம போனியே." "தப்புதாம்ல. வீட்டுக்கு வா" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "வடை உண்டா?" என்றான்.

இப்போது பதிவில் ஒரு நொடி இடைவெளி கிடையாது, சிநேகத்திலும் கிடையாது. நீங்கள் வாங்கிக் கொடுத்த பெட்டி சாமானியப்பட்டதல்ல. தாமிரபரணித் தண்ணீர் போல நீங்கள் இருவரும் வற்றாத செல்வத்தோடும் சீக்கிரம் ஒரு பேரப்பிள்ளையோடும் வாழ, இரு கையும் உயர்த்தி வாழ்த்தும்,

உங்கள் மாமனார்
தங்கப்பாண்டி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அனுசியா அவள் அம்மாவுக்கு, செல்போனிலேயே பழைய பதிவைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். டாக்டர் என்னை எண்ணெய்ப் பண்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருக்க, நானும் ரோச்சும் ஜீப் மறைவில் நின்று பொரித்த புரோட்டாவைச் சால்னாவில் முக்கித் தின்றது ஒரு வாய் விடாமல் பதிவாகியிருக்கிறது. இரண்டு பேருக்கும் இப்போது கோதுமைக் கஞ்சிதான். ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் கொள்ளாமல், உடனே லீவு போட்டு வந்து, அந்த வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஓவன் பக்கத்து வைஃபைக்கே மாற்றித் தரவும். நாள் முழுக்க வேண்டாம் மாப்பிள்ளை. சாயங்காலம் ஒரு கால்மணி நேரம் படம் நின்றால் போதும்.